நான்கு நொடி

ஆடிக் காற்று டிஷ்ஷின் ஒரு போல்ட்டைத் தளர்த்தி
அதன் முகத்தை இரண்டு விரற்கடை திருப்பியிருந்தது.
அன்றிரவு பதினொன்றே கால்.
பதினேழாம் சேனலில் வரவேண்டிய பழைய படம் வரவில்லை.
இத்தாலி வந்தது.

கறுப்பு வெள்ளை.
ஒல்லிப் பையன் ஒருவன், காதை மூடிய முடி,
கழுத்தில் கிடார்.
பின்னால் கோட்டுப் போட்ட வயலின்காரர்கள்
கடன் கொடுத்தவர்களைப் போல
அவனையே பார்த்துக்கொண்டு.
அவன் பாடவில்லை, யாரையோ வாசலில் நின்று அதட்டினான்.
டிரம்ஸ் அடித்தவன் மட்டும் சிரித்தான்.

செக்காலை, கழனிவாசல், முத்துப்பட்டணம்,
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்பு.
ஒரு வார்த்தை புரியாமல் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது
மூன்றாம் சரணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.
அவன் வாய் அசைந்தது. சத்தம் இல்லை.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
பிறகு மறுபடி டிரம்ஸ்.

போன் அடித்தது.
"ஏம்ப்பா அருளானந்து, மாசம் எழுவது ரூவா வாங்குறேல்ல,
ஊமைப் படமா ஓட்டுற?"
இரும்புக்கடை வயிரவன்.
அடுத்து பஸ் ஸ்டாண்டு லாட்ஜ்.
அடுத்து பெயர் சொல்லாத ஒரு பெண்:
"அந்த எடத்துல என்ன சொன்னான்?"

ஸ்பேனரும் டார்ச்சுமாய் மாடி மாடியாக ஏறினேன்.
ஆம்ப்ளிஃபயரைத் தட்டினேன், வயரை மாற்றினேன்,
காற்றைத் திட்டினேன்.
ஞாயிறு மத்தியானம் மறுஒளிபரப்பு.
அதே இடம். அதே நான்கு.
ஓட்டை என்னுடையது இல்லை.

சந்தா வாங்கப் போனபோது சிஸ்டர் ரொசாலி சொன்னார்:
"ஒன் வயர் நல்லாத்தான் இருக்கு. அது அங்கேயே அறுத்தது."
அறுபத்தெட்டில் ரோமில் நர்ஸ் படிப்பு அவருக்கு.
விடுதிச் சாப்பாட்டு அறையில் ஒரே டிவி;
பாதிப் பாட்டில் மதர் எழுந்து போய் அணைத்தாராம்.
மறுநாள் ரொட்டிக்கடை வரிசையில்
பாட்டை யாரும் பேசவில்லை, அந்த நான்கு நொடியைத்தான்.
ஆயர் கடிதம் எழுதினார். மந்திரி கண்டித்தார்.
நிலையம் மன்னிப்புக் கேட்டது.
ஒத்திகையில் இருந்த துணி தைக்கிறவள் மூலம்
வரி வெளியே வந்து, வாரத்துக்குள்
சுவர்களில் கரியால் எழுதப்பட்டது.

"அப்படி என்ன சிஸ்டர் சொன்னான்?"

நடைபாதையை ஒரு முறை பார்த்துவிட்டு,
முதலில் அந்த மொழியில் முணுமுணுத்தார்.
பிறகு நம் மொழியில்:
"ஆண்டவரே, வீட்டுக்கு வர்றதுன்னா
செருப்ப வாசல்ல விட்டுட்டு வாரும்.
அம்மா இப்பத்தான் தரை தொடச்சா."

மிச்சத்துக்காகக் காத்திருந்தேன்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
"இதுக்கா?"
ரசீதை மடித்துக்கொண்டே சொன்னார்:
"அங்க கோயிலுக்குள்ளயே செருப்போடதான் போவாங்க."

கானாடுகாத்தானில், ஆளில்லாத பெரிய வீட்டில்,
என் அம்மா பத்தொன்பது வருஷம் துடைத்த தரையும்
அவன் நாட்டுக் கல்தான்.
வருஷத்துக்கு ஒரு தடவை
காரிலிருந்து நேரே ஷூவோடு நடந்து வருவார்கள்.
அம்மா அந்தத் தடங்களுக்குப் பின்னாலேயே
குனிந்தபடி போவாள்.
இதை சிஸ்டரிடம் சொல்லவில்லை.

திங்கள் இரவு, திரைக்கு அடியில் ஓடும் எழுத்தில்,
ஆடித் தள்ளுபடி முடிந்து
ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை தொடங்கும் முன்
அந்த வரியைச் செருகினேன்.
ஆண்டவர் மட்டும் இல்லை. எழுபது ரூபாய்ப் பயம்.
'வீட்டுக்கு வருவதானால் செருப்பை வாசலில் விடவும்.
அம்மா இப்போதுதான் தரை துடைத்தாள்.'

விடியும்வரை ஓடியது. கடிதம் வரவில்லை,
கண்டனம் வரவில்லை.
ஏழு மணிக்கு வயிரவன் மட்டும்:
"நல்ல விளம்பரம்ப்பா. எந்தக் கம்பெனி பினாயில்?"

செவ்வாய்க்கிழமை மாடி ஏறி
டிஷ்ஷைப் பழைய பக்கம் திருப்பி
போல்ட்டை முறுக்கினேன்.
கடைசிச் சுற்றை மட்டும் விட்டுவைத்தேன்.